பல்செட் கேப்டனின் அறுபத்திரண்டாவது பறப்பு

என் வீட்டுக்காரர் இன்றுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. படகில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். கல்யாணமான புதிதில், ஒரு ஏரியில், அரை மணி நேரம். அதில் இருபது நிமிடம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், மீதிப் பத்து நிமிடம் நான் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தேன். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு நான்கு என்ஜின் விமானம் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடுகிறார். எல்லாம் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடிதான்.

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. ஏழெட்டு பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாய் அளவை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் பல்லை அடுக்கி, வார்த்து, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். இந்த ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் கைவேலை. தெருவில் யாராவது இவரைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். "மேல் வரிசை லேசா ஆடுது போலிருக்கே, ஒரு நாள் கொண்டாங்க" என்பார். சிரித்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு பல்லை ஒரு நூல் அளவு நகர்த்த ஒரு மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருக்கக்கூடிய ஆள். அந்தப் பொறுமையில் கால் பங்கை என்னிடம் காட்டியிருந்தால் நான் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பின்னறையில் முன்பு என் துணி அலமாரி இருந்தது. இப்போது அது கூடத்தில், வருகிறவர்கள் எல்லோரும் இடித்துக்கொள்ளும் இடத்தில் நிற்கிறது. அது இருந்த இடத்தில் பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டு. அதைச் சுற்றி மூன்று திரைகள். நடுவில் இருப்பது விமானத்தின் முன்கண்ணாடி, இந்தப் பக்கம் இடது ஜன்னல், அந்தப் பக்கம் வலது ஜன்னல். என்ஜின்களுக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் நான்கு கைப்பிடிகளை அவரே செய்தார், கையில் இருந்த சரக்கிலேயே. நான்கும் அசல் ஈறு நிறம். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாலு நாக்கு நீட்டிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். 

மற்றவர்கள் இந்த விளையாட்டில் சண்டை போடுவார்களாம், பெரிய பெரிய விமான நிலையங்களில் இறங்குவார்களாம். இவருக்கு அதெல்லாம் பிடிக்காது. இவர் தேடுவார். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு கடலில் காணாமல்போன படகுகளைத் தேடி விமானங்கள் போயிருக்கும் இல்லையா, அந்தப் பறப்புகளை அப்படியே திரும்பப் பறப்பார். அதே மாதிரி விமானம், அதே வானிலை, அதே வழி. இதே பைத்தியம் பிடித்த பதினொரு பேர் உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கிறார்கள், பழைய அறிக்கைகளைத் தேடிப் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கரையிலிருந்து தேட வேண்டிய இடத்துக்கு இரண்டரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரம், திரும்பிவர இரண்டரை. நடுவில் நிறுத்தக் கூடாது, வேகமாக ஓட்டிவிடக் கூடாது. எண்ணெயை மிச்சம் பிடிக்க, போய்ச் சேர்ந்ததும் நாலு என்ஜினில் ஒன்றை அணைத்துவிடுவார். வீட்டில் ஒரு விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

தேடுவது என்றால் கண்டபடி சுற்றுவது இல்லை. கடலைக் கட்டம் போட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நேராகப் போய், சற்றுத் தள்ளித் திரும்பி, மறுபடி நேராக வர வேண்டும். தரை துடைப்பது மாதிரிதான். ஐந்நூறு மைல் கடலை ஒரு மூலை விடாமல் துடைத்துவிட்டு வருகிற மனிதர், தன் காலடியில் சிந்திய டீயைத் தாண்டிக்கொண்டு போவார்.

கடலில் ஆள் ஏறித் தப்பிய உயிர்காப்புத் தெப்பம் ஒன்று இருந்தால்தானே தேட முடியும்? அதை ஒளித்துவைப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பதினொரு பேரின் சட்டம். ஒளித்தவர் தேடக் கூடாது, தேடுபவர் ஒளிக்கக் கூடாது. அந்தப் பதவி எனக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜைமேல் மடிக்கணினியில் கடலின் படம் இருக்கும். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய இடத்தில் அழுத்தினால் அங்கே போய் மிதக்கும். அவ்வளவுதான் வேலை. நான் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவள். ஆறு நாளும் யார் யாரிடமோ ஏச்சு வாங்கிவிட்டு, ஏழாம் நாள் ஒரு மனிதரை ஒன்பது மணி நேரம் அலைய விடும் அதிகாரம் கையில் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? கட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். மேக நிழலுக்கு அடியில் வைத்தேன். எங்கள் கல்யாண நாளை அவர் மறந்த வாரம், கோட்டைத் தாண்டி அரை அங்குலம் வெளியே வைத்தேன்.

ஆனால் கண்டுபிடிக்காமல் திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மூன்று நாள் சரியாகப் பேச மாட்டார், மெழுகை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"பொம்மைத் தெப்பம், அதுல பொம்மை ஆளுங்க. அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"நிஜத்துல இருந்தாங்கல்ல," என்றார்.

அதற்குப் பிறகு நான் கோட்டுக்கு வெளியே வைத்ததில்லை.

இப்படி ஐம்பத்தொன்பது பறப்புகள் முடிந்த நேரத்தில்தான் என் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அம்மா போனதிலிருந்து தனியாக இருக்கிறவர். இரண்டு மாதம் இருக்கட்டும் என்று அழைத்து வந்துவிட்டேன்.

அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால், நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது, கடலில் தொலைந்தவர்களைத் தேடும் விமானத்தில் வேலை பார்த்தார் என்று தெரியும். விமானம் ஓட்டுகிற வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்க்கிற வேலை. அதைப் பற்றிக் கேட்டால், "பார்த்தேன், வந்துட்டேன்" என்பார். பேருந்தில்கூட ஜன்னலோரம் உட்கார மாட்டார். காற்று ஒத்துக்காது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மாமனார் அந்த வேலை பார்த்தவர் என்பதால் என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார். அப்பாவோ பின்னறை வாசலில் நின்று, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மூன்று திரையையும் பார்த்து, நாலு நாக்கையும் பார்த்து, "விளையாடுங்க மாப்பிள்ளை, விளையாடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய் அலமாரியில் இடித்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வாசலில் நின்றார். "அலை எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. கடல் அப்படி இருக்காது," என்றார். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை தாகம் எடுத்தது. "இவ்வளவு உசரத்துல பறந்தா கப்பலே தெரியாது, தெப்பம் எங்க தெரியும்?" என்றார். மூன்றாவது தாகத்துக்கு என் வீட்டுக்காரர் எழுந்து, இடது திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டார்.  அப்பா அதில் போய் உட்கார்ந்தார்.

அன்று நான் தெப்பத்தை வைத்திருந்த இடம் எனக்கே பெருமை தருகிற இடம். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும் திசையில், ஓரமாக. அப்பா இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டார். "இடது பக்கம், சின்னதா, வெள்ளையா" என்று அவர் குரல் கொடுத்தபோது எனக்குச் சமையலறையில் கரண்டி நழுவியது. புரை எடுத்த கண், ஆறு வாரம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பறப்பு முடிந்ததும் தான் சேர்த்துவைத்திருந்த பழைய அறிக்கைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து மாமனார் மடியில் கொட்டினார். அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். ஒன்பது பேருடன் ஒரு மீன்பிடிப் படகு. மூன்று நாள் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?" என்று கேட்டார்.

"குழுவுல ஒருத்தர் அனுப்பினாரு மாமா. ஏன்?"

"சும்மாதான்," என்றார். ஆனால் அந்தத் தாளை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை சொட்டு மருந்து விடும்போது என்னிடம் சொன்னார். நாற்காலியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கூரைப் பக்கம் முகத்தை வைத்துப் பேசினார். அப்படிப் படுத்திருந்ததால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அதுல நான் இருந்தேம்மா. ரெண்டாவது நாள். இடது ஜன்னல்."

நான் மருந்துக் குப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"காலையிலருந்து நாலு தடவை குரல் கொடுத்தேன். நாலு தடவையும் விமானத்தத் திருப்பினாங்க. ஒரு தடவை மரப்பெட்டி. ஒரு தடவை பறவைக் கூட்டம். ஒரு தடவை நுரை. இன்னொண்ணு என்னன்னே தெரியல. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் எண்ணெய் போகும், தேட வேண்டிய இடம் குறையும். நாலாவது தடவை விமானி சொன்னான், இன்னொரு தடவை திருப்பச் சொன்னா உன்னை இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குத் திரும்பற நேரம். மஞ்சளா ஒண்ணு பாத்தேன். சின்னதா. ரெண்டு விநாடி. வாயத் தொறந்தேன், மூடிக்கிட்டேன்."

தெப்பமா, வேறு எதுவுமா என்று இன்றுவரை தெரியாது என்றார். அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டார். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம். அவர் கன்னத்தில் வழிந்ததை மருந்து என்று நான் துடைத்தேன், அவரும் மருந்து என்றே விட்டுவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் இந்த மனிதர் ஒன்பது பேரைச் சுமந்துகொண்டு மீட்டர் கணக்கு எழுதி, ஓய்வும் பெற்றிருக்கிறார். எனக்கு அந்த விமானியைத் தேடிப் பிடித்து நாலு அறை விட வேண்டும்போல் இருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லாத," என்றார். "ஆனா அந்தப் பறப்பை மட்டும் ஒரு தடவை பறக்கச் சொல்லு."

சொன்னேன். மாமனாருக்கு அந்தப் பறப்பு பிடித்திருக்கிறது என்று மட்டும். என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் அதிலேயே மூழ்கிவிட்டார். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒன்றை, அறுபத்தொன்றாவதை, கைபழகப் பறந்தார். அன்றைய காற்று, அன்றைய மேகம், சூரியன் எந்த நிமிடம் எந்தப் பக்கம் என்று எல்லாம் கணக்குப் போட்டு வைத்தார். யாரோ ஒருவருக்குத் தரவேண்டிய கீழ்வரிசைப் பல் அந்த இரண்டு வாரமும் மெழுகாகவே கிடந்தது. சனிக்கிழமை மடிக்கணினியை என்னிடம் கொடுத்து, "காத்தையும் நீரோட்டத்தையும் வச்சுப் பார்த்தா இந்தக் கட்டத்துக்குள்ளதான் எங்கயாவது இருந்திருக்கணும். எங்க வேணா வை. எனக்குத் தெரியக் கூடாது," என்றார்.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.  அப்பாவுக்குக் கண் இன்னும் முழுசாக ஆறவில்லை. நான் வைத்து, அவர் அதைத் தவறவிட்டால்? ஒரு முறை தவறவிட்டதுக்கே முப்பத்தெட்டு வருஷம். சரி, கண்ணுக்கு நேராக வைக்கலாம் என்றால், என் தில்லுமுல்லை எல்லாம் இருபது நிமிடத்தில் பிடிக்கிற மனிதர், மகள் பாவம் பார்த்து வைத்தது என்று மோப்பம் பிடித்துவிடுவார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வைக்கவே இல்லை. கடலில் ஒன்றுமே இல்லை என்றால் அவர் எதைத் தவறவிட முடியும்? ஒன்பது மணி நேரம் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, அன்றைக்கும் ஒன்றும் இருந்திருக்காது என்று மனசு ஆறிவிடும். மடிக்கணினியை மூடிவிட்டு, என்னை மாதிரி கெட்டிக்காரி உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அறுபத்திரண்டாவது பறப்பு கிளம்பியது. அப்பா சட்டை மாற்றி, தலை வாரி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில். இருவருக்கும் தலையில் மாட்டுகிற ஒலிவாங்கி. ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒலிவாங்கியில் பேசிக்கொண்டார்கள். "மாமா, ஜன்னலுக்கு வெளியே தெரியுதா?" "தெரியுது மாப்பிள்ளை." நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்குத் தேடும் இடம் வந்தது. ஒரு என்ஜினை அணைத்தார். துடைக்க ஆரம்பித்தார்கள். அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பதினொன்றே முக்காலுக்கு ஒரு குரல் கொடுத்தார். விமானம் திரும்பியது, சுற்றிப் பார்த்தார்கள், மேக நிழல். ஒரு மணிக்கு இன்னொரு குரல். மறுபடி திரும்பியது. அலை. ஒவ்வொரு முறையும் ஏழெட்டு நிமிடத்து எண்ணெய் போனது. சமையலறையில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லாத தெப்பத்துக்கு இரண்டு ஆம்பிள்ளைகள் இப்படிப் பாடுபடுகிறார்களே என்று சிரிப்பு ஒரு பக்கம், உள்ளுக்குள் உதறல் ஒரு பக்கம்.

இரண்டு பத்துக்கு என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"அவ்வளவுதான் மாமா. இப்பத் திரும்பினாத்தான் கரை. இனி ஒரு சுத்துக்கும் எண்ணெய் இல்ல."

"சரி மாப்பிள்ளை," என்றார் அப்பா. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

விமானத்தின் மூக்கு கரைப் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் அறுபத்தொரு பறப்பில் ஒரு விமானத்தைக்கூட இழந்ததில்லை. அந்தப் பதினொரு பேரில் யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது. நான் அப்பாடா என்று இரண்டு டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். திரையைப் பார்த்தார். வாய் திறந்தது. மருமகனின் முதுகைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. எனக்கு டீ கையில் சுட்டதுகூடத் தெரியவில்லை.

"இடது பக்கம்!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் குரல் உடைந்தது. "இடது பக்கம் மாப்பிள்ளை, மஞ்சளா, சின்னதா!"

என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய் முள்ளைப் பார்க்கவில்லை. இப்போதுதானே சொன்னேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நாலு நாக்கையும் ஒரே கையால் முன்னே தள்ளி, விமானத்தை அப்படியே இடது பக்கம் சாய்த்தார்.

"சரி மாமா. கண்ணை எடுக்காதீங்க. விரலை நீட்டிக் காட்டிக்கிட்டே இருங்க. நான் வந்துட்டேன்."

அப்பா விரலை நீட்டினார்.  அங்கே ஒன்றுமே இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இந்த முறையும் வீண் அழைப்பு, அதற்காக மாப்பிள்ளையின் விமானமும் போச்சு என்றால் இவர் இனி எழுந்திருப்பாரா? டீயை அங்கேயே தரையில் வைத்துவிட்டு ஓடினேன். அலமாரியில் இடித்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து பட்டியலைத் தேடினால் மஞ்சள் தெப்பம் ஒன்றுகூட இல்லை. ஆரஞ்சு இருந்தது. ஆரஞ்சும் மஞ்சளும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று, விமானம் சுற்றுகிற இடத்தைப் பார்த்து அழுத்தினேன். பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டேனோ என்று வேறு பயம்.

"மாமா!" என்று உள்ளே ஒரு அலறல். "தெப்பம்! கிடைச்சுடுச்சு மாமா! கிடைச்சுடுச்சு!"

மடிக்கணினியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சீட்டில் குதித்துக்கொண்டிருந்தார். அப்பா குதிக்கவில்லை. இடது திரையில் ஆரஞ்சு நிறத்தில் அது மிதந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இல்ல மாப்பிள்ளை," என்றார்.

"என்ன மாமா சொல்றீங்க? அதோ இருக்கே!"

"இது நான் கூப்பிட்டது இல்ல. நான் கூப்பிட்டது மஞ்சள், இதுக்கு அந்தாண்ட. இது இப்பத்தான் வந்துது."

பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருட்டு முழி முழித்தேன். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு நின்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார், கோபம் இல்லாமல்.

"எடும்மா அதை," என்றார்.

"அப்பா, நான் வந்து..."

"எடு. எனக்குப் பாக்கணும். அங்க என்ன இருக்குன்னு எனக்குப் பாக்கணும்."

அழித்தேன். ஆரஞ்சுத் தெப்பம் கடலிலிருந்து மறைந்தது. என் வீட்டுக்காரர் என்னையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க என்ன நடக்குது? ஏம்மா, நீ நேத்து எங்கதான் வச்ச?"

"எங்கயும் வைக்கல," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கயுமே வைக்கல. போதுமா? நீங்க சுத்துங்க."

"ஆறு மணி நேரமா நான் வெறுங்கடலையா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வாயை மூடிக்கொண்டு சுற்றினார். தாழப் பறந்தார். இன்னும் தாழ. எண்ணெய் குறைந்ததற்கான மணி அடிக்க ஆரம்பித்தது, அதை அணைத்துவிட்டார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அப்பா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அலை, வெயில், மறுபடி அலை.

மூன்றாவது சுற்றில் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை," என்றார். "அலை மேல வெயில் பட்டிருக்கும். அன்னிக்கும் அதுவா இருந்திருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். ஆனா இன்னிக்குப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. போலாம் வீட்டுக்கு."

அன்னிக்கு என்றால் என்னிக்கு என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் எண்ணெய் முள்ளைப் பார்த்தார்.

"போக முடியாது மாமா. எண்ணெய் இல்ல."

 அப்பா சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, கண்ணில் கை படக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து இவரும் சிரிக்க, நான் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஆனாலும் என் வீட்டுக்காரர் முறைப்படிதான் செய்வார். முடிந்த மட்டும் கரையை நோக்கிப் பறந்தார். நாலரை மணிக்குச் சற்று முன்னால், கரைக்கு நூறு மைல் இருக்கும்போது, என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "குனிஞ்சு நாற்காலியைப் பிடிச்சுக்குங்க மாமா. நீயும் பிடிச்சுக்க," என்றார். பிடித்துக்கொண்டோம். எழுபத்திரண்டு வயது மனிதரும், அரசாங்க ஊழியையான நானும், பின்னறையில் தலையைக் குனிந்து விமானம் கடலில் விழக் காத்திருந்தோம். விழுந்தது. திரையில் தண்ணீர் ஏறி நின்றது.

"இனிமே நம்மள யார் தேடுவாங்க?" என்றார் அப்பா, குனிந்தபடியே.

"குழுவுல பதினொரு பேர் இருக்காங்க மாமா. வருவாங்க."

பிறகு தன் நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பறப்பையும் அதில் கையால் எழுதிவைப்பார், அழகான, பல் வரிசை மாதிரி நெருக்கமான எழுத்து. அவருடைய முதல் இழப்பு. கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதினார் என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும், அப்பாவால் வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்பதால், சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"பறப்பு அறுபத்திரண்டு. விமானம் கடலில் இறங்கியது. காரணம்: திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகு இடது ஜன்னலிலிருந்து அழைப்பு. திரும்பினோம். தேடினோம். ஒன்றும் இல்லை."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்களே மாப்பிள்ளை," என்றார். "அதை இன்னொரு தடவை படிங்க."

எந்த வார்த்தை என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. நோட்டைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"திரும்பினோம்," என்று படித்தார்.